கோபம் வந்தது, கோபித்துக்கொண்டாள்: தெற்காசிய இலக்கியத்திலும் திரைப்படத்திலும் உணர்ச்சிக் கூற்றும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

வங்காளம், இந்தி முதலிய மொழிகளிலிருந்து தமிழுக்கு வரும் கதைகளுள் சில மூலத்திலிருந்து நேராக வருகின்றன. சில ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே வருகின்றன. திரைப்படங்களின் அடியில் ஓடும் சப்டைட்டில் வரிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டியே அமைகின்றன. இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். நிகழ்ச்சிகள், இடங்கள், பொருள்கள் ஆகியவை ஆங்கிலத்தின் வழியே வந்தாலும் பெரிதும் சிதைவதில்லை. சிதைவது உணர்ச்சி பற்றிய கூற்று. தாயிடம் மனம் நொந்து உண்ணாமல் படுத்துக்கொண்ட சிறுமி, தமிழில் செருக்குக் கொண்டவளாகக் காட்சி தருகிறாள். ஒரு சொல் பிழைபட, ஒரு பாத்திரத்தின் குணமே மாறிவிடுகிறது.

இச்சிதைவு சொல் வறுமையால் மட்டும் நேர்வதன்று என்பதும், உணர்ச்சியைச் சொல்லும் தொடரமைப்பில் அதன் வேர் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தெற்காசிய மொழிகள் உணர்ச்சியை மனிதனுக்கு வந்து சேரும் நிகழ்ச்சியாகவும், அவன் பிறரை நோக்கிச் செய்யும் செயலாகவும் பிரித்துக் காட்டும் இயல்புடையவை. இப்பிரிவை முதலில் இலக்கண நிலையிலும், பின்னர்ச் சொற்பொருள் நிலையிலும், இறுதியாகத் திரைப்பட ஆக்கத்திலும் நோக்கி, மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் சில முடிவுகளைக் கூறுவது இதன் நோக்கம்.

2. உணர்வோரும் வேற்றுமையும்

கீழ்வரும் மூன்று தமிழ்த் தொடர்களை நோக்குக.

(1) அவருக்குக் கோபம் வந்தது.
(2) அவர் கோபப்பட்டார்.
(3) அவர் கோபித்துக்கொண்டார்.

மூன்றும் ஒரே உணர்ச்சியைக் குறிப்பனவாகத் தோன்றினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று எப்போதும் வாராது. முதல் தொடரில் உணர்வோர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வினைமுற்று 'கோபம்' என்னும் அஃறிணைப் பெயரோடு இயைந்து 'வந்தது' என முடிகிறது. ஆயினும் உணர்வோர் எழுவாய்க்குரிய சில பண்புகளை இழப்பதில்லை. 'அவருக்குத் தன் மகன்மேல் கோபம் வந்தது' என்னும் தொடரில் 'தன்' என்பது நான்காம் வேற்றுமைப் பெயரையே சுட்டுகிறது. இதனாலேயே மொழியியலார் இதனை நான்காம் வேற்றுமை எழுவாய்த் தொடர் என்பர்.

மூன்று தொடர்களின் வேறுபாட்டை இரு சோதனைகளால் காட்டலாம். முதலாவது, 'வேண்டுமென்றே' என்னும் அடை. 'அவர் வேண்டுமென்றே கோபித்துக்கொண்டார்' என்பது இயல்பான தமிழ். 'அவருக்கு வேண்டுமென்றே கோபம் வந்தது' என்பது தமிழாகாது. இரண்டாவது, ஏவல். 'கோபப்படாதே', 'கோபித்துக்கொள்ளாதே' என விலக்கலாம். 'கோபம் வா' என்னும் வினைக்கு உணர்வோரை நோக்கிய ஏவல் வடிவம் இல்லை. எனவே (1) உணர்வோரின் விருப்பிற்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சியையும், (3) ஒருவரை முன்னிட்டு அவர் அறியுமாறு செய்யும் செயலையும், (2) இடைப்பட்ட நிலையையும் உணர்த்துகின்றன. 'கொள்' என்னும் துணைவினை செயலின் விளைவைச் செய்வோரிடமே நிறுத்துகிறது. கோபித்துக்கொண்டவர் பேசாமல் இருப்பார், உண்ண வரமாட்டார், வந்து அழைக்கப்படுவதை எதிர்பார்ப்பார். கோபம் வந்தவரிடம் இவ்வெதிர்பார்ப்பு இருக்க வேண்டுவதில்லை.

இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கின் 'நாகு கோபம் வச்சிந்தி', கன்னடத்தின் 'நனகெ கோப பந்திது', மலையாளத்தின் 'எனிக்கு தேஷ்யம் வந்நு' ஆகியவையும், மராத்தியின் 'மலா ராக் ஆலா', இந்தியின் 'முஜே குஸ்ஸா ஆயா' ஆகியவையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. சிங்களத்தில் 'மட தரஹா கியா' என்பர். அங்கும் உணர்வோர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறார், ஆனால் கோபம் வருவதற்கு மாறாகப் 'போகிறது'. வங்காளத்தில் உணர்வோர் ஆறாம் வேற்றுமை ஏற்று 'ஆமார் ராக் ஹோலோ' என அமையும். முர்ரே எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாக நிறுவிய பின், காலின் மாசிகா 1976இல் அப்பரப்பின் எல்லையை வரையறுக்க எடுத்துக்கொண்ட ஐந்து கூறுகளுள் இத்தொடரமைப்பும் ஒன்று. மணீந்திர வர்மாவும் கே. பி. மோகனனும் 1990இல் பதிப்பித்த தொகுப்பு தெற்காசிய மொழிகளின் உணர்வோர் எழுவாயை முழுப் பொருளாகக் கொண்டது.

ஆய்வாளர் அதிகம் கவனித்தது (1)ஐ ஒத்த தொடர்களையே. மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது (1)க்கும் (3)க்கும் உள்ள எதிர்நிலை. இதுவும் பல மொழிகளில் காணப்படுகிறது. இந்தியில் 'முஜே குஸ்ஸா ஆயா' என்பதற்கு எதிராக 'குஸ்ஸா கர்னா', அதாவது கோபம் செய்தல், உண்டு. வங்காளத்தில் 'ஆமார் ராக் ஹோலோ' என்பதற்கு எதிராக 'ஆமி ராக் கொர்லாம்' உண்டு. சிங்களம் வினையடியிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டும். 'நான் அழுதேன்' என்பதற்கு ஒரு வினை வடிவமும், 'எனக்கு அழுகை வந்துவிட்டது' என்பதற்கு நான்காம் வேற்றுமையோடு இயையும் வேறொரு வினை வடிவமும் அங்கு உள்ளன.

ஆங்கிலத்தில் உணர்வோரை எழுவாயாக்கி, உணர்ச்சியை அவரது பண்பாகக் கூறும் பெயரடைத் தொடரே பெருவழக்கு. 'கோபம் வந்தது', 'கோபப்பட்டார்', 'கோபித்துக்கொண்டார்' மூன்றும் அங்குப் பெரும்பாலும் ஒரே பெயரடையில் சென்று கலக்கின்றன. அங்கிருந்து தமிழுக்குத் திரும்பும்போது எது எதுவாக இருந்தது என்பதை அறிய வழியில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வமைப்பைக் கொண்டு தெற்காசியர் உணர்ச்சிக்கு அடிமைப்பட்டோர் என்பது போன்ற முடிவுகளுக்குச் செல்லுதல் தவறு. ரஷ்யம், ஜெர்மன் ஆகியவற்றிலும் நான்காம் வேற்றுமை உணர்வோர் உண்டு; ஆங்கிலமும் முன்னாளில் இத்தகைய தொடர்களைப் பெற்றிருந்து பின்னர் இழந்த மொழியே. பழந்தமிழில் அஞ்சு, உவ, வெகுள், நாணு, இரங்கு என உணர்ச்சியை நேரே கூறும் வினையடிகள் மிகுதி. அவற்றின் எழுவாய் முதல் வேற்றுமையிலேயே நிற்கும். பெயரோடு 'வா', 'படு', 'கொள்' முதலியவற்றைச் சேர்த்துரைக்கும் வழக்கு இன்றைய பேச்சில் ஓங்கியுள்ளது. இலக்கணம் எண்ணத்தை ஆள்வதில்லை. எளிதாகச் சொல்லக்கூடியவற்றை எழுத்தாளன் கைக்கு அருகில் வைக்கிறது. அவ்வளவே.

3. 'படு' என்னும் வினையும் மெய்ப்பாடும்

'கோபப்படு', 'ஆசைப்படு', 'வெட்கப்படு', 'பொறாமைப்படு' என்பவற்றில் உணர்வோர் முதல் வேற்றுமையில் நின்றாலும், 'படு' என்னும் வினை அவரைச் செய்வோராகக் காட்டுவதில்லை. 'துன்பப்படு' என்பதில் அது உறுதலையும், 'செய்யப்படு' என்பதில் செயப்பாட்டையும் குறிக்கும். இதே வினையடியிலிருந்து பிறந்ததே 'மெய்ப்பாடு' என்னும் தொல்காப்பியக் கலைச்சொல். மெய்யின்கண் படுவது, அதாவது உடலில் தோன்றுவது, மெய்ப்பாடு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை, வெகுளி, அச்சம், அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்கள் வகுக்கிறது. அச்சத்தின் களன்களுள் விலங்கும் கள்வரும் உள்ளனர். அழுகையின் களன்களுள் இழவும் வறுமையும் உள்ளன. இவை உள்ளத்தின் பகுப்பாய்வாக அமையாமல், எவற்றை எதிர்ப்படும்போது உணர்ச்சி வந்து சேர்கிறது என்னும் பட்டியலாக அமைவது நோக்கத்தக்கது. செய்யுளியலோ மெய்ப்பாட்டைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைத்து, படிப்போன் உய்த்துணர வேண்டாதபடி பொருளைக் கண்முன் நிறுத்துவது அதன் தொழில் என்னும் கருத்தைத் தருகிறது.

பரதரின் நாட்டிய சாத்திரமும் எட்டுச் சுவைகளையே பேசுகிறது. ஒன்பதாவதாகிய சாந்தம் பின்னர்ச் சேர்ந்தது. அந்நூல் மேடையில் நடிகனிடம் தோன்றும் உணர்ச்சியையும் காண்போனிடம் விளையும் சுவையையும் வேறுபடுத்துகிறது. உறைந்து நிற்றல், வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் மாறுதல், நடுங்குதல், நிறம் வேறுபடல், கண்ணீர், மயக்கம் என எட்டு உடற்குறிகளையும் அது தனியே தொகுக்கிறது. இரு மரபுகளும் ஒன்றே என்பது பொருந்தாது. ஆயினும் உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்வதைக் காட்டிலும், அது எதனால் வந்தது, உடலில் எவ்வாறு பட்டது என்று காட்டுவதே கலை என்னும் கொள்கையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

4. ஒரு சொல், பல உணர்ச்சி

தெற்காசிய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர்க்குப் பொதுச் சொற்கள் மிகுதி என்பது வசதி போலத் தோன்றும். அது பெரும்பாலும் கண்ணியாகவே முடிகிறது. வடமொழி 'ராக' என்பது நிறம், செம்மை, பற்று என விரியும் சொல். தமிழில் 'ராகம்' இசையோடு நிற்க, 'அனுராகம்' காதலைக் குறிக்கிறது. மராத்தியிலும் வங்காளத்திலும் 'ராக்' என்பது கோபம். வடமொழிச் சுவைக் கோட்பாட்டில் கருணம் என்பது சோகத்தை நிலைக்களனாகக் கொண்ட அவலச் சுவை. தமிழில் 'கருணை' அருள். தமிழுக்குள்ளேயே 'வெகுளி' பழைய வழக்கில் சினம். இன்றைய வழக்கில் சூதறியாதவர்.

இவற்றுள் மிகுந்த இடர் தருவது 'அபிமானம்'. தமிழில் இது பற்றும் பரிவும். 'அபிமான நடிகர்', 'தேசாபிமானம்' என்பவற்றைக் காண்க. இந்தியில் அது பெரும்பாலும் செருக்கு. வங்காளத்தில் 'அபிமான்' என்பது, நம்மிடம் அன்புடையவர் என்று நாம் உரிமை கொண்டாடும் ஒருவர் நம்மை மதியாதபோது உண்டாகும் மனநோவு. அன்பில்லாத இடத்தில் கோபம் தோன்றலாம், அபிமானம் தோன்றாது. ஆங்கிலத்தில் இதற்கு நிகர்ச்சொல் இல்லை. 'புண்பட்ட செருக்கு' என்னும் பொருள்பட அங்கே ஒரு தொடர் எழுதப்படுகிறது. அதிலிருந்து தமிழுக்கு வருபவர் 'கர்வம்' என்றோ 'அகந்தை' என்றோ எழுதுகிறார். முன்னுரையில் கூறிய சிறுமி செருக்குக் கொண்டவளாவது இவ்வாறே.

சரத்சந்திரரின் 'தேவதாஸ்' (1917) இதற்குத் தக்க சான்று. இரவில் தானே தேடி வந்த பார்வதியை ஏற்கத் துணியாத தேவதாஸ், பின்னர் மனம் மாறி வரும்போது அவள் மறுக்கிறாள். சினந்து தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடிக்கிறான். அக்காட்சியில் உரையாடலின் மேற்பரப்பில் அகங்காரம் பற்றிய பேச்சே நிகழ்கிறது. அதன் அடியில் ஓடுவது அபிமானம். இவ்விரண்டையும் 'கர்வம்' என ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பில் பார்வதி திமிர் பிடித்தவளாகிறாள். அடியும் அதற்குத் தண்டனை போல் ஆகிவிடுகிறது. படிப்போன் தன் பரிவை எவரிடம் வைப்பது என்பதையே இச்சொற்பிழை மாற்றிவிடுகிறது. தமிழில் 'தேவதாஸ்' என்பது காதலில் தோற்றவனைச் சுட்டும் பொதுப்பெயராகவே வழங்குகிறது. பார்வதியின் மனநோவுக்கு அத்தகைய பெயர் எதுவும் அமையவில்லை.

தமிழில் ஊடல் உண்டே என வினவலாம். திருக்குறள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என இறுதி மூன்று அதிகாரங்களை இதற்கே ஒதுக்குகிறது. வங்க வைணவ மரபில் ராதையின் 'மான்' என்னும் பிணக்கும் ஊடலுக்கு அண்மையது. ஆனால் ஊடல் காதலர்க்கும் தம்பதியர்க்கும் உரியது. வங்க அபிமானம் மகள் தந்தையிடமும், தம்பி தமக்கையிடமும், அடியார் இறைவனிடமும் கொள்வது. சிறுமி தாயிடம் ஊடினாள் என எழுத இயலாது.

நிகர்ப் பெயர்ச்சொல் தேடும்வரை இதற்கு விடையில்லை. தொடரமைப்பை நோக்கின் விடை அருகிலேயே உள்ளது. 'அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டாள்' என்னும் எளிய தமிழில் உரிமை, மனநோவு, அழைப்பை எதிர்பார்த்தல் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. 'அம்மாமேல் கோபம் வந்து' என்றால் அவை நீங்கிவிடும். வங்காளம் பெயர்ச்சொல்லில் வைத்திருப்பதைத் தமிழ் 'கொள்' என்னும் துணைவினையிலும் 'இடம்' என்னும் உருபிலும் வைத்திருக்கிறது. த. நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் வங்காளத்திலிருந்து நேராகத் தமிழாக்கினர். அவர்களைப் போல் மூலத்தைக் கண்முன் வைத்திருப்பவர்க்கு இவ்வழி திறந்துள்ளது. ஆங்கிலத்தின் வழி வருபவர்க்கு இவ்வழி இருப்பதே தெரிவதில்லை.

உடலுறுப்புச் சொற்களிலும் இதே நிலை. தமிழில் அச்சம் வயிற்றைக் கலக்குகிறது, துயரில் பெற்ற வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. இந்தியில் கல்லீரலாகிய 'கலேஜா' வாய்வரை வருகிறது. மனநிறைவு தமிழில் வயிற்றையும் உள்ளத்தையும் குளிர்விக்க, இந்தியில் கல்லீரலைக் குளிர்விக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளக் குளிர்ச்சி அன்பின்மையையும், வெம்மை அன்பையும் குறிக்கும். இடையில் அம்மொழி புகுந்தால் குளிர்ந்த வயிறு இதமான நெஞ்சமாகி, பின்னர்த் தமிழில் யாரும் பேசாத தொடராக வந்து சேரும்.

5. திரையில் உணர்ச்சி

திரைப்படத் தலைப்புகள் சொற்பொருள் வேறுபாட்டைச் சுருங்கக் காட்டும். ஏ. பீம்சிங்கின் 'பாசமலர்' (1961) 1962இல் இந்தியில் 'ராக்கி' எனவும், தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' எனவும் வந்தது. வடமொழியில் கயிறும் கண்ணியுமாகிய 'பாசம்', சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிப்பது. தமிழ்ப் பேச்சில் குடும்ப அன்பு. இந்தித் தலைப்பு உணர்ச்சிப் பெயரை விட்டுக் கையில் கட்டும் நூலை எடுத்துக்கொண்டது. தெலுங்கு உறவை எடுத்துக்கொண்டது. கயிறு நூலாகித் திரும்பியது தற்செயலாயினும் பொருத்தமானதே. மறுதலையாக, பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) இந்தியில் 'சத்மா' (1983) ஆனபோது, தமிழில் படிமமாக இருந்தது இந்தியில் பேரதிர்ச்சி என்னும் உணர்ச்சிப் பெயராயிற்று. எனவே ஒரு மொழி உணர்ச்சியைப் பெயரிடும், மற்றொன்று காட்டும் எனப் பொது விதி வகுத்தல் ஆகாது.

ரிஷிகேஷ் முகர்ஜியின் இந்திப் படமான 'அபிமான்' (1973) தலைப்பிலேயே இருமொழிப் பொருளைத் தாங்கியது. மனைவியின் இசைப் புகழ் தன் புகழை மிஞ்சுவதைப் பொறாத பாடகனின் நிலை இந்திப் பொருளில் அபிமானம், அதாவது செருக்கு. அவனிடமிருந்து விலகிச் செல்லும் மனைவியின் நிலையோ வங்காளப் பொருளில் அபிமானம். கருவிழந்த பின் அவள் பேச்சும் அழுகையும் அற்று உறைந்துவிடுகிறாள். பாட்டின் வழியே அழுகை மீள்கிறது. பரதர் கூறிய உறைந்து நிற்றலும் கண்ணீரும் இங்குக் கதையின் திருப்பங்களாகவே அமைந்துள்ளன. இயக்குநர் வங்காளி என்பதை நினைவில் கொண்டால் தலைப்பின் இருபொருளைத் தற்செயல் எனத் தள்ளுவது கடினம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) மற்றொரு வகைச் சான்று. நெடுநாள் கழித்து ஊர் திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்ததை அறியாமல் அவளுக்கென வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறார். சர்வஜயா உடைந்து அழுகிறாள். அவளது அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை; அவ்விடத்தில் தார்ஷெனாய் என்னும் வில்லால் மீட்டும் நரம்புக் கருவியின் உச்சத் தாயி ஒலிக்கிறது. வாய் திறந்திருக்கிறது, ஒலி வேறெங்கிருந்தோ வருகிறது. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) இதனினும் வன்மையானது. தான் நம்பியிருந்தவன் தன் தங்கையோடு இருப்பதை உணர்ந்து நீதா படியிறங்கும்போது சாட்டை வீசும் ஒலி எழுகிறது. காட்சியில் சாட்டை இல்லை.

'அவளுக்கு அழுகை வந்தது' என்னும் தொடரில் அழுகை வெளியிலிருந்து வந்து சேர்வதைப் போல, இக்காட்சிகளில் உணர்ச்சி பாத்திரத்தின் குரலிலிருந்து பிறவாமல் வெளியொலியாக வந்து அவள்மீது படுகிறது. இலக்கணமே இக்காட்சிகளைப் படைத்தது என்பது எம் கருத்தன்று. அவ்விலக்கணத்தில் வாழும் பார்வையாளர்க்கு இவை விளக்கம் வேண்டாதவையாக இருந்தன என்று மட்டும் கூறலாம். உய்த்துணர வேண்டாதபடி கண்முன் நிறுத்துதல் என்னும் செய்யுளியற் கருத்து இங்குப் பொருந்தக் காண்கிறோம்.

6. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில முடிவுகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நடைமுறைக் கருத்துகளைத் தரலாம்.

முதலாவது, உணர்ச்சிப் பெயருக்கு நிகர் தேடுமுன் மூலத்தின் தொடர் வகையை அறிக. உணர்ச்சி வந்ததா, பட்டதா, ஒருவரிடம் கொண்டதா என்னும் வினா முதலில் எழ வேண்டும்.

இரண்டாவது, மூலம் கிட்டாது ஆங்கிலத்தின் வழியே செல்ல நேரின், உணர்ச்சி செறிந்த இடங்களையேனும் மூலமொழி அறிந்தவரைக் கொண்டு ஒப்புநோக்குக. நாவல் முழுவதையும் ஒப்பிட இயலாவிடினும், பாத்திரங்கள் பிரியும் இடங்களையும் பேசாதிருக்கும் இடங்களையும் ஒப்பிட இயலும்.

மூன்றாவது, வடமொழிப் பொதுச் சொல்லை அப்படியே எடுத்தாளுதல் மூலத்திற்கு உண்மையாக இருப்பதாகாது. 'அபிமானம்', 'ராகம்', 'கருணை' போன்றவற்றிற்கு மொழிதோறும் பொருள் காட்டும் பன்மொழி உணர்ச்சிச் சொல்லடைவு ஒன்று தேவை. அது பெயர்களை மட்டுமின்றி, அவை ஏற்கும் வினைகளையும் வேற்றுமைகளையும் தர வேண்டும்.

நான்காவது, சப்டைட்டில் எழுதுவோர் திரையில் உடலும் ஒலியும் காட்டிவிட்ட உணர்ச்சியை மீண்டும் பெயரிட்டுச் சொல்ல வேண்டுவதில்லை. இடச்சுருக்கம் அங்குக் குறையன்று. மௌனத்தை மௌனமாக விட ஒரு வாய்ப்பு.

7. முடிவுரை

உணர்ச்சியை வருவதாகவும் படுவதாகவும் கொள்வதாகவும் கூறும் வேறுபாடு தெற்காசிய மொழிகள் பலவற்றில் உள்ளது. அவ்வேறுபாட்டில்தான் கதைமாந்தரின் பொறுப்பும் உரிமையும் எதிர்பார்ப்பும் தங்கியுள்ளன. கோபம் வந்தவளை விட்டு விலகி நிற்பதே நலம். கோபித்துக்கொண்டவளையோ யாரேனும் சென்று அழைக்க வேண்டும். மூலத்தில் ஆசிரியர் அழைக்கச் சொன்னவளை, மொழிபெயர்ப்பில் நாம் விலக்கி வைத்துவிடலாகாது.